மாட்யூல் ஏறியது, பதிவு நின்றது: சிஸ்டம் கால் அட்டவணையை மாற்றி எழுதிய ஒரு கெர்னல் மாட்யூல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஐந்து பேர் கொண்ட எங்கள் குழு பார்த்துக்கொள்ளும் மென்பொருள், கோப்பு சர்வர்களுக்கான ஒரு கண்காணிப்புக் கருவி. யார் எந்தக் கோப்பைத் திறந்தார், எதை அழித்தார், எதன் பெயரை மாற்றினார் என்று பதிவு செய்வதுதான் அதன் வேலை. வாடிக்கையாளர்களில் பலருக்குத் தணிக்கையாளர் கேட்கும்போது எடுத்துக் காட்ட அந்தப் பதிவு தேவை. பதிவில் ஓட்டை விழுந்தால் அந்தக் கருவிக்கு வேறு பயனே இல்லை.

கருவியில் இரண்டு பகுதிகள். பின்னணியில் ஓடும் டீமன் ஒன்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலுக்குள் ஏற்றப்படும் மாட்யூல் ஒன்று. கெர்னலை முழுதாக மறுபடி தொகுக்காமல், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய நிரலை உள்ளே சேர்க்க மாட்யூல் உதவுகிறது. சாதன இயக்கிகளும் கோப்பு முறைமைகளும் அப்படித்தான் வருகின்றன. அவை தங்களைப் பதிவு செய்துகொள்ளக் கெர்னலே வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு நிரல் கெர்னலிடம் வேலை கேட்கப் பயன்படுத்தும் எண்ணிட்ட அழைப்புதான் சிஸ்டம் கால். ஆனால் புதிய சிஸ்டம் கால் ஒன்றைச் சேர்க்க லினக்ஸ் மாட்யூல்களுக்கு எந்த வழியும் கிடையாது. இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் உண்டு. அங்கே மாட்யூல்களுக்கென்றே சில எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. முறையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் மாட்யூல் இந்தத் தடையைச் சுற்றிப் போய்த்தான் வேலை செய்தது. சிஸ்டம் கால் அட்டவணை என்பது, அந்த வேலைகளைச் செய்யும் நிரல் துண்டுகளான செயற்கூறுகளின் முகவரிகள் எண் வரிசையில் இருக்கும் ஒரு பட்டியல். அதில் கோப்பைத் திறப்பது, அழிப்பது, பெயர் மாற்றுவது ஆகியவற்றுக்கான முகவரிகளை எடுத்துவிட்டு எங்கள் முகவரிகளை வைத்தோம். டீமனும் மாட்யூலும் பேசிக்கொள்ள 184ஆம் இடத்தைப் பிடித்துக்கொண்டோம். 64 பிட் இன்டெல் கணினிகளுக்கான பட்டியலில் அந்த எண்ணுக்கு டக்ஸ்கால் என்று பெயர் உண்டு, ஆனால் பின்னால் எந்தச் செயற்கூறும் இல்லை. காலியாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டோம்.

2014 முதல் 2023 வரை: ஒட்டுமேல் ஒட்டு

முதல் பதிப்பு சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகைக்காக, 3.10 கெர்னலில் எழுதப்பட்டது. அட்டவணையின் முகவரி அதற்கு வெகு காலம் முன்பே, 2.5 வளர்ச்சிக் காலத்தில், மாட்யூல்களின் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டுவிட்டது. அதற்குச் சரியான காரணமும் இருந்தது. இரண்டு மாட்யூல்கள் ஒரே இடத்தை அடுத்தடுத்து மாற்றியிருக்கும்போது முதலில் வந்தது முதலில் வெளியேறினால், இரண்டாவது மாட்யூல் இல்லாத முகவரியைத் திரும்ப வைத்துவிட்டுப் போகும். தவிர, ஒரு செயல்முறை எங்கள் செயற்கூறுக்குள் காத்திருக்கும்போது மாட்யூலை இறக்கினால், அது திரும்பி வர நிரலே இருக்காது. அடுத்த கணம் கெர்னல் விழும். இதெல்லாம் தெரிந்தேதான், கெர்னலின் பெயர் தேடும் செயற்கூறான கால்சிம்ஸ் லுக்அப் நேம் வழியாக முகவரியைக் கண்டுபிடித்தோம். செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களுக்குப் பதிவகங்கள் என்று பெயர். அவற்றில் சிஆர்0 என்ற பதிவகத்தில் உள்ள, எழுதவிடாமல் தடுக்கும் பாதுகாப்புப் பிட்டை ஒரு கணம் அணைத்து, முகவரியை எழுதி, மறுபடி போட்டோம்.

இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 10க்கு மாறியபோது கெர்னல் 4.19. இடையில், 2018இல் வந்த 4.17இல், சிஸ்டம் கால்களுக்கு மதிப்புகள் போய்ச் சேரும் விதமே மாறியிருந்தது. தனித்தனி மதிப்புகளாக வந்தவை, பதிவகங்கள் அனைத்தும் அடங்கிய ஒரே கட்டமைப்பின் முகவரியாக வரத் தொடங்கின. எங்கள் நிரல் அந்த முகவரியைக் கோப்புப் பெயர் என்று நினைத்துப் படித்தது. சோதனை இயந்திரம் உடனே விழுந்ததால் வெளியே போகும் முன்பே திருத்திவிட்டோம்.

டெபியன் 11, கெர்னல் 5.10. இங்கே இரண்டு தடைகள் ஒன்றாக வந்தன. 2019இல் வந்த 5.3 முதல், சிஆர்0 பிட்டைக் கெர்னலின் சொந்தச் செயற்கூறு வழியாக அணைக்க முடியாது. அதற்கு நாங்களே அசெம்பிளி வரி ஒன்றை எழுதினோம். 2020இல் வந்த 5.7 முதல், கால்சிம்ஸ் லுக்அப் நேம் மாட்யூல்களுக்குக் கிடைக்காது. அதற்கு, கெர்னலின் ஒரு செயற்கூறு ஓடும்போது இடைமறித்துப் பார்க்க உதவும் கேப்ரோப் வசதியைப் பிடித்து, அந்தச் செயற்கூறின் மேலேயே ஒன்றை வைத்து, அதிலிருந்து முகவரியை உருவினோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஒவ்வொரு தடையும் கெர்னலை உருவாக்குபவர்கள் தெளிவாகச் சொன்ன “வேண்டாம்”. நாங்கள் அதை அடுத்த புதிர் என்று எடுத்துக்கொண்டோம். தீர்த்தபோது மகிழ்ந்தோம், குறியீட்டில் ஒரு குறிப்பு எழுதினோம், நகர்ந்தோம். வழியை மாற்றலாமா என்று ஒரு கூட்டத்தில்கூட யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கவனித்தது

2024 ஏப்ரல். டெபியன் 12இல், 6.1 வரிசைக் கெர்னலில் ஓடிய சர்வர்களுக்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது. ஒரு வாடிக்கையாளர் சனிக்கிழமை இரவு அதை நிறுவி, இயந்திரத்தை மறுதொடக்கம் செய்தார். கெர்னல் மாறும்போது மாட்யூல்களை மறுபடி தொகுக்கும் கருவியான டிகேஎம்எஸ் எங்கள் மாட்யூலைப் புதிய கெர்னலுக்குத் தானாகவே தொகுத்தது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது புதன்கிழமை அவரிடமிருந்து அழைப்பு. ஒரு கோப்புறையே காணாமல் போயிருக்கிறது, யார் அழித்தது என்று பார்க்கக் கருவியைத் திறந்தால் பதிவு எதுவும் இல்லை. அந்த அழிப்பு மட்டும் விடுபட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். தேதி வாரியாகப் பார்த்தபோதுதான் மறுதொடக்கத்துக்குப் பிறகு ஒரு வரிகூடப் பதிவாகவில்லை என்று தெரிந்தது. மொத்தம் 11 நாள்.

மாட்யூல் பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது. கெர்னல் பதிவில் “இணைப்புகள் பொருத்தப்பட்டன” என்ற எங்கள் செய்தியும் இருந்தது. கெர்னலில் அந்நிய மாட்யூல் போன்றவை சேர்ந்திருப்பதைக் காட்டும் டெயின்ட் எண் 12288. வெளியிலிருந்து வந்த மாட்யூலுக்கு 4096, கையொப்பம் இல்லாததற்கு 8192. எப்போதும் நாங்கள் பார்க்கும் எண்தான் அது. கண்காணிப்புப் பலகையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாட்யூல் பட்டியலில் பெயர் இருந்தால் பச்சை, அவ்வளவுதான் அந்த விளக்கு சோதித்தது.

டீமன் ஏன் வாய் திறக்கவில்லை? 184ஐ அழைத்தபோது அதற்கு ஈநோசிஸ், அதாவது “அப்படியொரு சிஸ்டம் கால் இல்லை” என்ற பதில் வந்துகொண்டிருந்தது. இயந்திரம் தொடங்கும்போது சில சமயம் டீமன் முந்திக்கொள்ளும், மாட்யூல் பிந்தும். அதற்காக, ஈநோசிஸ் வந்தால் சிறிது நேரம் பொறுத்து மறுபடி கேள் என்று என்றோ எழுதி வைத்திருந்தோம். எத்தனை முறை கேட்பது என்று எல்லை வைக்கவில்லை. அதனால் 11 நாளும் அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

காரணம் தெரிந்த விதம்

அதே கெர்னலைச் சோதனை இயந்திரத்தில் நிறுவியதும் சிக்கல் அப்படியே வந்தது. மூத்த பொறியாளர், அட்டவணையில் எழுதுவதே நடக்கவில்லை என்று சந்தேகப்பட்டார். ஞாயமான சந்தேகம்தான். குழுவில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளம் பொறியாளரிடம், எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கச் சொன்னார். அவர் படித்துவிட்டு வந்து சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது:

“அண்ணா, டேபிள்ல நம்ம அட்ரஸ்தான் இருக்கு. ஆனா அந்த டேபிளையே யாரும் பார்க்கலைன்னு நினைக்கிறேன்.”

அவர், கெர்னலுக்குள் நடக்கும் அழைப்புகளைப் பின்தொடரும் எஃப்ட்ரேஸ் வசதியை வைத்து ஒரு சிஸ்டம் கால் போகும் பாதையை வரைந்து காட்டினார். பழைய கெர்னலில் நுழைவாயிலிலிருந்து அட்டவணை வழியாக எங்கள் செயற்கூறுக்கு வந்த பாதை, புதிய கெர்னலில் எக்ஸ்64 சிஸ் கால் என்ற புதுச் செயற்கூறுக்குள் போய், அங்கிருந்து நேராகக் கெர்னலின் சொந்தச் செயற்கூறுக்குச் சென்றது. கெர்னல் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது அந்தப் புதுச் செயற்கூறு எண்களை ஒப்பிட்டுத் தாவும் கட்டளைகளால் நிறைந்திருந்தது. மூல நிரலில் அது ஒரு நீளமான சுவிட்ச் கூற்று, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நேரடி அழைப்பு.

ஏன் இந்த மாற்றம்? அந்த மாதம்தான் ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், இன்டெல் செயலிகளில் கிளை வரலாற்றை, அதாவது நிரல் இதற்குமுன் எங்கெங்கே தாவியது என்று செயலி வைத்திருக்கும் குறிப்பை, தவறாகப் பயன்படுத்தும் நேட்டிவ் பிஎச்ஐ தாக்குதலை வெளியிட்டிருந்தார்கள். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2024-2201. அட்டவணையிலிருந்து முகவரியை எடுத்து அங்கே தாவும் மறைமுக அழைப்பு, ஊகச் செயலாக்கத்தில், அதாவது அடுத்து வருவதைச் செயலி ஊகித்து முன்கூட்டியே ஓட்டும்போது, அதை வேறு இடத்துக்குத் திருப்பிவிட வாய்ப்புத் தருகிறது. ஆகவே சிஸ்டம் கால்களை நேரடி அழைப்புகளாக மாற்றினார்கள். 6.9க்காகச் செய்த அந்த மாற்றத்தைப் பாதுகாப்புக் காரணத்தால் பழைய வரிசைகளுக்கும் உடனே இறக்கினார்கள். அதனால்தான் 6.1க்குள்ளேயே, ஒரு சிறு புதுப்பிப்பில், எங்கள் அடித்தளம் போனது.

அட்டவணையை ஏன் நீக்காமல் விட்டார்கள் என்பதற்கும் மூல நிரலிலேயே விளக்கம் இருக்கிறது. சிஸ்டம் கால்களுக்கு அது இனி பயன்படாது, ஆனால் அழைப்புகளைப் பின்தொடரும் டிரேஸ் பகுதிக்கு இன்னும் முகவரிகள் தேவை என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அட்டவணையையே நீக்கியிருந்தால் மாட்யூல் ஏறும்போதே பிழை வந்திருக்கும், அன்றிரவே எங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டியல் இருந்தது, எழுத முடிந்தது, எழுதியதும் அப்படியே நின்றது. எங்கள் சோதனைகள் எல்லாம் அந்த அளவோடு நின்றுவிட்டன.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு அன்று மாலையே எடுக்கப்பட்டது: எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவிடுவது. எந்தப் புதுப்பிப்புக்குப் பிறகு பதிவு நின்றிருக்கும், அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று எழுதி அனுப்பினோம். திருத்தத்தையும் சேர்த்தே அனுப்பலாமே என்று ஒருவர் கேட்டார். அதுவரை அவர்கள் பதிவு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்களே என்பதால் காத்திருக்கவில்லை.

பழைய கெர்னலுக்குத் திரும்பச் சொல்லலாமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். வேண்டாம் என்றோம். எங்கள் பதிவுக்காக அறியப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையை அவர் திறந்து வைக்கக் கூடாது. இடைக்கால ஏற்பாடாக லினக்ஸின் சொந்தத் தணிக்கை வசதியான ஆடிட்டியை அந்தக் கோப்புறைகளுக்கு அமைத்துக் கொடுத்தோம். அழிப்பு, பெயர் மாற்றம், எழுதுதல் மூன்றையும் அது நன்றாகவே பதிவு செய்தது. முதலில் உள்நுழைந்த பயனர் யார் என்பதையும் தந்தது. படிப்பதையும் பதிவு செய்யச் சொன்னபோதுதான் பதிவுகள் கட்டுக்கடங்காமல் பெருகின.

அடுத்தது நிரந்தர வழி. மூத்த பொறியாளர், புதிய சுவிட்ச் செயற்கூறையே நினைவகத்தில் திருத்திவிடலாம் என்றார். அதற்கான நிரலும் பாதி எழுதி வைத்திருந்தார். அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை, அது வேலை செய்திருக்கும். நான் மறுத்ததற்குக் காரணம், அதுவும் இன்னொரு ஒட்டு. பத்து ஆண்டுகளின் ஒட்டுகளை வெள்ளைப்பலகையில் எழுதி வைத்து அரை நாள் பேசினோம். முடிவில் அவரே தன் நிரலை ஓரமாக வைத்தார்.

கோப்பு நிகழ்வுகளைப் பயனர் நிரல்களுக்கு அறிவிக்கும் கெர்னல் வசதியான ஃபேனோட்டிஃபை நல்ல வழியாகத் தெரிந்தது. மாட்யூலே தேவைப்படாது, எல்லாம் பயனர் பக்கமே முடிந்துவிடும். ஆனால் அது தருவது செயல்முறை எண் மட்டுமே. கோப்பை அழித்துவிட்டு உடனே முடிந்துபோகும் கட்டளை யாருடையது என்று தேடிப் போவதற்குள் அது மறைந்துவிடுகிறது. யார் செய்தார் என்பதுதான் எங்கள் கருவியின் உயிர்நாடி, அதை விட்டுக்கொடுக்க முடியாது.

கடைசியில் மாட்யூலை வைத்துக்கொள்வது, ஆனால் கெர்னல் தானே திறந்து வைத்த வாசல்கள் வழியாக மட்டும் போவது என்று முடிவு செய்தோம். கண்காணிக்கக் கேப்ரோப், டீமனோடு பேச ஒரு சாதனக் கோப்பு, அதாவது திறந்தால் மாட்யூலோடு பேசவைக்கும் ஒரு சிறப்புக் கோப்பு. இதற்கு ஒரு முன்னோடியும் இருந்தது. ஓப்பன்ஏஎஃப்எஸ் கோப்பு முறைமையும் ஒரு காலத்தில் அட்டவணையில் தன் சிஸ்டம் காலைச் சொருகிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அதற்கென்றே 183ஆம் எண் பெயரளவில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அட்டவணை மறைக்கப்பட்ட பிறகு அவர்கள், கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறைமையில் ஒரு கோப்பை வைத்து, திறந்த கோப்புக்குக் கட்டளை அனுப்பும் ஐஓசிடிஎல் வழியாக அதே வேலையைச் செய்யத் தொடங்கினார்கள். எங்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே கண்ணெதிரில் இருந்த விடை அது.

மறுபடி கட்டியது

சாதனக் கோப்பு எளிதாக முடிந்தது, ஆனால் அது தீர்த்து வைத்த சிக்கல்கள் அதிகம். கோப்புச் செயல்பாடுகளின் கட்டமைப்பில் உரிமையாளர் எங்கள் மாட்யூல் என்று ஒரு வரி எழுதினால் போதும். டீமன் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை மாட்யூலை இறக்கக் கெர்னலே மறுத்துவிடுகிறது. உள்ளே ஒரு செயல்முறை இருக்கும்போது மாட்யூல் போய்விடும் என்ற பழைய அச்சம் அதோடு தீர்ந்தது. கோப்புக்கு அனுமதி 0600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும். பழைய 184ஐ இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை எந்தப் பயனர் வேண்டுமானாலும் அழைத்திருக்கலாம். உள்ளே இருந்த ஒரே காவல், நிரலில் எழுதி வைத்த ஓர் எண். நல்லவேளை, யாரும் அதைப் பயன்படுத்தியதற்கான தடயம் இல்லை.

டீமனும் மாட்யூலும் பரிமாறும் கட்டமைப்பில் பதிப்பு எண்ணை முதலில் வைத்தோம். 32 பிட், 64 பிட் என்று அளவு மாறாத வகைகளை மட்டும் பயன்படுத்தினோம். ஒரு முறை வெளியே போன இடைமுகத்தை மாற்றுவது கடினம் என்பதால் இதற்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தோம்.

கேப்ரோப்பை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் யோசித்தோம். அழிப்பதற்கு விஎஃப்எஸ் அன்லிங்க் என்ற செயற்கூறு இயல்பான இடமாகத் தோன்றியது. ஆனால் 5.12இல் அதன் முன்பக்கம் ஒரு மதிப்பு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கேப்ரோப் மதிப்புகளைப் பதிவகங்களிலிருந்து எடுக்கிறது. வரிசை நகர்ந்தால் சத்தமில்லாமல் தவறானதைப் படிக்கும். எந்தச் சத்தமின்மையால் அடிபட்டோமோ அதையே மறுபடி கொண்டுவர விருப்பமில்லை. பாதுகாப்பு அடுக்கின் செயற்கூறுகளைப் பார்த்தோம். கோப்பு திறக்கும்போதும் அழிக்கும்போதும் அழைக்கப்படும் அவற்றில், எங்களுக்கு வேண்டிய மதிப்புகள் நாங்கள் ஆதரிக்கும் எல்லாக் கெர்னல்களிலும் இடம் மாறாமல் இருந்தன. அங்கேயே வைத்தோம். நாம் சொல்லும் பெயரில் செயற்கூறு கெர்னலில் இல்லாவிட்டால், கேப்ரோப்பைப் பதிவு செய்வதே தோல்வியடையும், மாட்யூல் ஏறாது. அது எங்களுக்கு வேண்டிய குணம்.

கேப்ரோப்புக்குள் தூங்கக் கூடாது, அதாவது காத்திருக்க வைக்கும் எதையும் அழைக்கக் கூடாது. ஆகவே நிகழ்வை ஒரு வரிசையில் போட்டுவிட்டு வெளியேறுகிறோம். வரிசை நிரம்பி ஏதாவது தவறினால் எத்தனை தவறின என்று எண்ணி, அந்த எண்ணையும் பதிவில் எழுதுகிறோம்.

அப்புறம் நடந்தது

இரண்டு வாரத்தில் புதிய பதிப்பு வெளியே போனது. எதிர்பாராத ஒன்று முதல் வாரத்திலேயே தெரிந்தது. ஒரு வாடிக்கையாளரின் பழைய காப்புநகல் நிரல், அதுவரை பதிவில் தலைகாட்டாதது, திடீரென்று தோன்றியது. அது 32 பிட் நிரல். அவற்றுக்குத் தனி அட்டவணை உண்டு, அதை நாங்கள் ஒருபோதும் தொட்டதில்லை. 5.6இல் வந்த ஓப்பன்அட்2 என்ற புதிய சிஸ்டம் காலும், அதே பதிப்பில் ஐஓ யுரிங் வழியாக, அதாவது கெர்னலோடு பகிரும் ஒரு வரிசையில் வேலைகளைப் போட்டு, கோப்பைத் திறக்கும் வசதியும்கூடப் பழைய மாட்யூலின் கண்ணில் பட்டதில்லை. அதாவது 11 நாளுக்கு முன்பும் பதிவு முழுமையாக இருந்ததில்லை. இதையும் வாடிக்கையாளர்களுக்கு எழுதினோம். முதல் கடிதத்தைவிட இதை எழுதுவது கடினமாக இருந்தது. ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவருடைய முடிவில் தவறு சொல்ல முடியாது.

காணாமல் போன அந்தக் கோப்புறை காப்புநகலிலிருந்து மீட்கப்பட்டது. யார் அழித்தார் என்பது தெரியவே இல்லை.

மாற்றியவை, இனி மாற்ற வேண்டியவை

பச்சை விளக்கின் பொருளை மாற்றிவிட்டோம். டீமன் நிமிடத்துக்கு ஒரு முறை தனக்கென்று இருக்கும் அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி, திறந்து, பெயர் மாற்றி, அழிக்கிறது. அந்த நிகழ்வுகள் ஐந்து வினாடிக்குள் மாட்யூல் வழியாகத் தன்னிடமே வந்து சேர வேண்டும், வராவிட்டால் சிவப்பு. மாட்யூல் பட்டியலில் பெயர் இருப்பதை இப்போது யாரும் பார்ப்பதில்லை. டீமன் காத்திருப்பதற்கும் இரண்டு நிமிட எல்லை வைத்திருக்கிறோம்.

டெபியனின் கெர்னல் புதுப்பிப்பு வந்த அன்றே சோதனை இயந்திரத்தில் நிறுவி இந்தச் சுற்றை ஓட்டுவது இளம் பொறியாளரின் பொறுப்பு. அவர் கேட்டு வாங்கிக்கொண்டது அது.

புதிய வாடிக்கையாளர் வரும்போது, படித்தவர் யார் என்று தெரிய வேண்டுமா என்று முதலில் கேட்கிறோம். வேண்டாம் என்றால் ஆடிட்டியை அமைத்துக் கொடுக்கிறோம், மாட்யூல் ஏற்றுவதே இல்லை. இந்தக் கேள்வியை 2014இல் கேட்டிருந்தால் பாதிப் பேருக்காவது மாட்யூல் போயிருக்காது என்பது என் கணிப்பு.

படிப்பதைக் கண்காணிக்க வேண்டியவர்களுக்கு 5.7 முதல் இருக்கும், சரிபார்த்த சிறு நிரல்களைக் கெர்னலுக்குள் ஓடவிடும் இபிபிஎஃப் பாதுகாப்பு இணைப்புகளுக்கு மாறலாமா என்று சோதித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கெர்னல் தொடக்க அமைப்பைத் தொட வேண்டிவரும் இயந்திரங்கள் சில உள்ளன. அவற்றின் பட்டியல் இன்னும் முடியவில்லை.